1940–41 ரஞ்சிக் கோப்பையில் மதராஸ் அணி

1940–41 ரஞ்சிக் கோப்பைப் பருவம் இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் மதராஸ் துடுப்பாட்ட அணி (இன்றைய தமிழ்நாடு அணி) இறுதியாட்டம் வரை சென்று, சேப்பாக்கத்தில் மகாராட்டிர அணியிடம் ஆறு விக்கெட்டுகளால் தோல்வியடைந்த பருவமாகும். ரஞ்சிக் கோப்பையின் ஏழாவது பருவமான இது, மதராஸ் அணி இறுதியாட்டத்தில் ஆடிய இரண்டாவது பருவம். இதற்குப் பின் ஓர் இறுதியாட்டத்தில் வெல்ல அந்த அணி 1954–55 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கிலாந்து, ஆத்திரேலியா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் உள்நாட்டு வாகையர் போட்டிகள் போரினால் நிறுத்தப்பட்டிருந்தன. இந்தியாவில் மட்டும் ரஞ்சிக் கோப்பை ஓர் ஆண்டும் தவறாமல் நடந்தது. 1942 ஏப்ரலில் மதராஸ் நகரமே வெளியேறத் தொடங்கியதற்குச் சுமார் ஓராண்டுக்கு முன்னர் நடந்த பருவம் என்பதாலும் இது வரலாற்றில் தனி இடம் பெறுகிறது.

பின்னணி

ரஞ்சிக் கோப்பை 1934–35இல் தொடங்கியது. அதன் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மதராஸ், மைசூர் அணிகளுக்கிடையே நடைபெற்றது. முதல் பந்தை மதராசின் மொ. ஜெ. கோபாலன் வீச, மைசூரின் கர்டிஸ் எதிர்கொண்டார். மைசூர் 48 ஓட்டங்களுக்கும், இரண்டாவது ஆட்டத்தில் 59 ஓட்டங்களுக்கும் சுருண்டது. மதராஸ் எடுத்தது 130 ஓட்டங்கள்தான். ஆயினும் ஓர் ஆட்டமும் 23 ஓட்டங்களும் வேறுபாட்டில் வெல்ல அது போதுமானதாக இருந்தது. ஏ. ஜி. ராம்சிங் 35 ஓட்டங்கள் கொடுத்து 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆட்டம் முழுவதும் ஒரே நாளில் முடிந்துவிட்டது. ஒரு பெருந்தொடரின் தொடக்க ஆட்டம் மாலைக்குள் முடிந்துபோனது அன்று அமைப்பாளர்களுக்கு உவப்பாக இருந்திருக்காது.

அக்காலத்தில் ரஞ்சிக் கோப்பை இன்றுபோல் ஒவ்வோர் அணியும் பல ஆட்டங்கள் ஆடிப் புள்ளிகள் சேர்க்கும் முறையில் நடக்கவில்லை. நாடு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தோற்ற அணி அத்துடன் வெளியேறும். மண்டலத்தில் வென்ற அணி அரையிறுதிக்குச் செல்லும். ஆட்டம் முடிவு காணாமல் நின்றால், முதல் ஆட்டத்தில் கூடுதல் ஓட்டம் எடுத்த அணி வென்றதாகக் கொள்ளப்படும். ஆகவே ஓர் அணி ஒரு பருவம் முழுவதிலும் மூன்று அல்லது நான்கு ஆட்டங்கள் மட்டுமே ஆடும் நிலை இருந்தது. ஒரு காலைப்பொழுதில் ஏற்படும் சரிவு ஓராண்டுக் காத்திருப்பாக மாறிவிடும்.

தென் மண்டலத்தில் மதராஸ், மைசூர், ஐதராபாத்து ஆகியவை முதன்மை அணிகள். அன்றைய மதராஸ் மாகாணம் கடலோர ஆந்திரம் முதல் மலபார் வரை பரந்திருந்தது. ஆந்திர அணியும் திருவிதாங்கூர்-கொச்சி அணியும் 1950களில்தான் தனித்தனியே போட்டியில் இடம்பெற்றன. எனவே பெயரளவில் மதராஸ் அணி மிகப் பெரிய நிலப்பரப்பின் அணியாக இருந்தது. நடைமுறையில் அது மதராஸ் நகரக் கழகங்களின் அணியே.

1935–36இல் மதராஸ் முதன்முறையாக இறுதியாட்டத்தை அடைந்தது. தில்லியில் நடந்த அந்த ஆட்டத்தில் பம்பாய் 190 ஓட்டங்களால் வென்றது.

போரும் துடுப்பாட்டமும்

1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் பன்னாட்டுத் துடுப்பாட்டம் நின்றுபோனது. 1939–40இல் ஹோம்சு தலைமையில் இந்தியா வரவிருந்த எம்.சி.சி. அணியின் பயணம் கைவிடப்பட்டது. 1936 ஆகத்தில் ஓவலில் ஆடிய தேர்வு ஆட்டத்திற்குப் பின், 1946 சூனில் லார்ட்சில் ஆடும் வரை இந்தியா அலுவல்முறைத் தேர்வு ஆட்டம் எதையும் ஆடவில்லை. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள். ஒரு வேகப்பந்து வீச்சாளரின் விளையாட்டு வாழ்வு பெரும்பாலும் அவ்வளவுதான் நீளும் என்பதை நினைத்தால் இந்த இடைவெளியின் கனம் புரியும்.

இங்கிலாந்தின் கவுண்டி வாகையர் போட்டியும் ஆத்திரேலியாவின் செஃபீல்டு கேடயமும் நிறுத்தப்பட்டதற்குக் காரணம் தெளிவானது. அங்கு ஆட்டக்காரர்களே படைகளில் சேர்க்கப்பட்டனர். இந்தியாவிலோ கட்டாயப் படைச்சேர்ப்பு இல்லை. இந்தியப் படை தன்விருப்பில் சேர்ந்தவர்களைக் கொண்டே பெருகியது. நகரங்களில் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் இருந்த ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் தங்கள் இடத்திலேயே இருந்தனர். பரோடா, ஓல்கார், நவாநகர் முதலிய அரசுகளின் புரவலர்களும் ஆட்டத்தைத் தாங்கி நின்றனர். 1941 இறுதி வரை போர் இந்தியக் கரையை எட்டவில்லை என்பதும் ஒரு காரணமாகும்.

ஆயினும் நாட்டில் அமைதி நிலவியது என்று கொள்ளக்கூடாது. இந்தியரைக் கேளாமல் இந்தியாவைப் போரில் ஈடுபடுத்தியதைக் கண்டித்து மாகாணங்களில் காங்கிரசு அமைச்சரவைகள் 1939 இறுதியில் பதவி விலகின. மதராசில் இராசாசியின் அமைச்சரவையும் அவற்றுள் ஒன்று. 1940 அக்டோபரில் காந்தி தனிநபர் சத்தியாகிரகத்தைத் தொடங்கினார். திசம்பரில் இராசாசி கைது செய்யப்பட்டார். மாகாணத்தின் தலைவர்கள் பலர் சிறைக்குச் சென்றுகொண்டிருந்த அதே மாதங்களில்தான் 1940–41 ரஞ்சி ஆட்டங்கள் நடந்தன.

அந்தத் திசம்பரில் துடுப்பாட்டம் நேரடியாகவே அரசியல் கேள்விக்கு உள்ளானது. பம்பாயில் ஆண்டுதோறும் நடந்த ஐங்கோணப் போட்டியில் இந்துக்கள், முசுலிம்கள், பார்சிகள், ஐரோப்பியர், பிறர் என்று சமய அடிப்படையில் அணிகள் பிரிந்து மோதின. இதற்குத்தான் கூட்டம் அலைமோதும். ரஞ்சி ஆட்டங்களுக்கு அவ்வளவு கூட்டம் வராது. தலைவர்கள் சிறையில் இருக்கையில் இத்தகைய கேளிக்கை வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு ஆதரவாகக் காந்தி 1940 திசம்பரில் கருத்துத் தெரிவித்தார். விளையாட்டில் சமய அடிப்படையிலான அணிகளையும் அவர் ஏற்கவில்லை. அவ்வாண்டுப் போட்டியில் இந்துக்கள் அணி கலந்துகொள்ளவில்லை. முசுலிம்கள் அணி கோப்பையை வென்றது.

மதராசிலும் இதை ஒத்த ஓர் ஆட்டம் உண்டு. பொங்கல் காலத்தில் சேப்பாக்கத்தில் நடந்த மாகாண ஆட்டத்தில் இந்தியர் ஓரணியாகவும் ஐரோப்பியர் ஓரணியாகவும் ஆடினர். ஊர் மக்களுக்கு அது ஒரு திருவிழா. பொங்கல் ஆட்டம் என்றே பலர் அதை அறிந்திருந்தனர். இதனோடு ஒப்பிட்டால் ரஞ்சிக் கோப்பையின் வேறுபாடு விளங்கும். பொங்கல் ஆட்டத்தில் எதிரெதிரே நின்ற இந்தியரும் ஐரோப்பியரும் ரஞ்சியில் மதராஸ் என்ற ஒரே பெயரின் கீழ் ஆடினர். சமயத்தையோ நிறத்தையோ பாராமல் வட்டாரத்தை மட்டும் அடிப்படையாகக் கொண்ட போட்டி என்ற வகையில் ரஞ்சிக் கோப்பைக்கு 1940–41இல் முன்பில்லாத மதிப்பு ஏற்பட்டது.

செங்கல்பட்டுச் சாலையும் மதராஸ் அணியும்

அக்கால மதராஸ் துடுப்பாட்டத்தில் முதன்மையான பெயர் மொ. ஜெ. கோபாலன். பெயரின் முதலெழுத்தான 'மொ' அவரது ஊரைக் குறிக்கும். மதராசிலிருந்து செங்கல்பட்டு, மதுராந்தகம் வழியாகத் திண்டிவனம் செல்லும் தடத்தையொட்டிய பகுதியில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கம் என்னும் சிற்றூரில் 1909இல் பிறந்தவர். குடும்பம் மதராசில் திருவல்லிக்கேணிக்குக் குடிபெயர்ந்தது. சேப்பாக்கம் அங்கிருந்து நடக்கும் தொலைவுதான். அவரது வேகப்பந்து வீச்சைக் கண்டு ஊக்குவித்தவர் கா. பா. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்துக்கும் கென்ட் அணிக்கும் ஆடியிருந்த ஜான்ஸ்டன், மதராசில் பர்மா செல் எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றிவந்தார். கோபாலனுக்கும் அதே நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஆட்டத்துக்கு ஊதியம் இல்லாத அக்காலத்தில் இத்தகைய வேலைதான் ஒருவரைக் களத்தில் நிலைக்கச் செய்தது.

கோபாலன் வளைகோற்பந்தாட்டத்திலும் நாட்டுக்காக ஆடியவர். 1935இல் தியான் சந்த் இடம்பெற்ற அணியுடன் நியூசிலாந்து சென்றுவந்தார். 1936இல் இரண்டு வழிகள் அவர் முன் இருந்தன. ஒன்று பெர்லின் ஒலிம்பிக்கில் வளைகோற்பந்தாட்டம். மற்றொன்று இங்கிலாந்தில் துடுப்பாட்டம். அவர் இங்கிலாந்தைத் தேர்ந்தார். பெர்லினில் இந்தியா இறுதியாட்டத்தில் செருமனியை 8–1 என வென்று தங்கம் பெற்றது. இங்கிலாந்தில் கோபாலனுக்கு ஒரு தேர்வு ஆட்டத்திலும் இடம் தரப்படவில்லை. 1934 சனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடியதே அவரது ஒரே தேர்வு ஆட்டமாக நின்றுவிட்டது. போர் தொடங்கியபோது அவருக்கு வயது முப்பது. அதன்பின் அவருக்கு எஞ்சியிருந்த பெரிய களம் ரஞ்சிக் கோப்பை ஒன்றே.

அதே செங்கல்பட்டு மாவட்டத்து மாமண்டூரில் 1916இல் பிறந்தவர் சி. ஆர். ரங்காச்சாரி. இவரும் வேகப்பந்து வீச்சாளர். 1938–39 பருவத்தில் மதராஸ் அணிக்கு அறிமுகமானார். காவல்துறையில் பணி. கோபாலனுக்கு ஏழு ஆண்டு இளையவர் என்பது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் போர் முடிந்தபோது அந்த ஏழு ஆண்டுகளே ஒருவருக்குக் கதவைத் திறந்தும் மற்றவருக்கு மூடியும் வைத்தன.

மூன்றாமவர் ஏ. ஜி. ராம்சிங். அமிர்தசரசில் 1910இல் பிறந்து மதராசில் வளர்ந்த சீக்கியர். இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரும் இடக்கை மட்டையாளருமான இவர் அக்காலத்தின் சிறந்த பன்முக ஆட்டக்காரர்களுள் ஒருவர். தேர்வு ஆட்டம் எதிலும் ஆடும் வாய்ப்பு இவருக்குக் கிடைக்கவேயில்லை. பின்னாளில் இவர் மக்களான கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் இந்தியாவுக்கு ஆடினர்.

மொறப்பாக்கத்துக் குடும்பம் நகருக்குச் சென்றதால் கோபாலன் ஆட்டக்காரரானார் என்பதை இங்குக் கருத வேண்டும். திண்டிவனமும் விழுப்புரமும் அன்று தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. மதராசிலிருந்து தெற்கே செல்லும் மீட்டர் அகலப் பாதையில் விழுப்புரம் பெரிய சந்திப்பு. கடலூர் வழியாகச் செல்லும் பழைய பாதையும், 1920களின் இறுதியில் முடிந்த திருச்சிராப்பள்ளிக் குறுக்குப் பாதையும், புதுச்சேரிக் கிளையும், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி செல்லும் பாதையும் அங்குக் கூடின. இவ்வளவு தொடர்வண்டிகள் நின்று சென்ற ஊரிலும், புல்தரைக் களமும் கழகமும் வேலை தரும் நிறுவனமும் மதராசில்தான் இருந்தன. திறமையுள்ள இளைஞர் ஒருவர் வடக்கு நோக்கி வண்டியேறினாலன்றி மாகாண அணியின் கண்ணில் படுவது அரிது. மதராஸ் அணியின் 'மாகாணம்' என்ற பெயருக்கும் அதன் உண்மையான எல்லைக்கும் இருந்த தொலைவு இதுவே.

எதிரணி

மகாராட்டிர அணி அப்போது நாட்டின் வலிமை மிக்க அணி. 1939–40இல் ஐக்கிய மாகாணத்தைப் பத்து விக்கெட்டுகளால் வென்று கோப்பையைக் கைப்பற்றியிருந்தது. அணித்தலைவர் தி. ப. தேவதர், புனேயில் சமற்கிருதப் பேராசிரியர். 1892 சனவரியில் பிறந்த அவருக்கு இந்தப் பருவத்தின்போது வயது நாற்பத்தொன்பது. விசய் அசாரே, ரங்கா சோகோனி போன்ற இளம் ஆட்டக்காரர்கள் அவருக்குக் கீழ் ஆடினர். அசாரே முந்தைய பருவத்தில் பரோடாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 316 ஓட்டங்கள் எடுத்திருந்தார்.

1940–41இல் புனேயில் பம்பாயுடன் மகாராட்டிரம் ஆடிய ஆட்டம் போர்க்காலத் துடுப்பாட்டத்தின் இயல்பை நன்கு காட்டும். மகாராட்டிரம் 675 ஓட்டங்கள் எடுத்தது. அதில் தேவதர் மட்டும் 246. பம்பாய் விடாமல் 650 வரை சென்றது. அதில் ரங்னேக்கர் 202. இரண்டே ஆட்டங்களில் 1,325 ஓட்டங்கள் குவிந்தன. மகாராட்டிரம் 25 ஓட்ட முன்னிலையால் அடுத்த சுற்றுக்குச் சென்றது. அதே பருவத்தில் வட இந்தியா அணிக்கு எதிராக அது 798 ஓட்டங்களும் எடுத்தது. புனேயின் தட்டையான ஆடுகளமும், முதல் ஆட்ட முன்னிலையே வெற்றி என்ற விதியும் சேர்ந்து மட்டையாளர்களை ஆட்டமிழக்காமல் நின்றுகொண்டிருக்கத் தூண்டின. அக்காலப் பெரும் எண்ணிக்கைகளைப் படிக்கும்போது இதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இறுதியாட்டம்

1941 தொடக்கத்தில் இறுதியாட்டம் சேப்பாக்கத்தில் நடந்தது. மதராஸ் அணிக்குச் சொந்த ஊர்க் களம்.

மதராஸ் முதல் ஆட்டத்தில் 145 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. புனேயில் 675, 798 என்று குவித்த அணிக்கு எதிராக இது மிகக் குறைவு. ஆனால் சேப்பாக்கத்தில் மகாராட்டிரத்தாலும் அவ்வாறு குவிக்க இயலவில்லை. அது 284 ஓட்டங்களில் முடிந்தது. முன்னிலை 139. இத்தகைய இடைவெளியில் பல அணிகள் இரண்டாவது ஆட்டத்திலும் தளர்ந்துவிடும். மதராசோ 347 ஓட்டங்கள் எடுத்தது. நான்கு ஆட்டங்களிலும் இதுவே மிக உயர்ந்த எண்ணிக்கை. மகாராட்டிரத்துக்கு 209 ஓட்டங்கள் இலக்காக அமைந்தது. அந்த அணி நான்கு விக்கெட்டுகளை இழந்து 210 ஓட்டங்கள் எடுத்து வென்றது.

மொத்தம் 986 ஓட்டங்கள், 34 விக்கெட்டுகள். இரு ஆட்டங்களையும் சேர்த்தால் மதராஸ் எடுத்தது 492, மகாராட்டிரம் எடுத்தது 494. வேறுபாடு இரண்டே ஓட்டங்கள். ஆயினும் இதைக் கொண்டு ஆட்டம் நூலிழையில் முடிந்தது என்று கூறுவது தவறாகும். வென்ற அணியின் ஆட்டம் இலக்கை அடைந்தவுடன் நின்றுவிடுவதால் மொத்த ஓட்டங்கள் எப்போதும் நெருக்கமாகவே தோன்றும். உண்மையான அளவு கையில் எஞ்சிய ஆறு விக்கெட்டுகளே. இரண்டாவது ஆட்டத்தின் 347 காட்டிய திறன் முதல் ஆட்டத்தில் பாதியளவேனும் கூடுதலாக வெளிப்பட்டிருந்தால் கதை வேறாயிருக்கும் என்பதை மட்டும் எண்ணிக்கைகளிலிருந்து துணிந்து கூறலாம்.

மகாராட்டிரம் தொடர்ந்து இரண்டாம் முறையாகக் கோப்பையைப் பெற்றது. இந்தப் பருவத்துக்குப் பின் அசாரே பரோடா அணிக்குச் சென்றுவிட்டார். 1941–42இல் பம்பாயும், 1942–43இல் பரோடாவும், 1943–44இல் மேற்கு இந்தியாவும், 1944–45இல் மீண்டும் பம்பாயும், 1945–46இல் ஓல்காரும் வாகை சூடின. போர்க்காலத்தின் எஞ்சிய இறுதியாட்டங்கள் எதிலும் மதராஸ் இல்லை.

போர் கரையை அடைதல்

1941 திசம்பர் 7 அன்று சப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. சிங்கப்பூர் 1942 பெப்ரவரியிலும், இரங்கூன் மார்ச்சிலும் வீழ்ந்தன. ஏப்ரல் தொடக்கத்தில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய துறைமுகங்கள் வான்வழித் தாக்குதலுக்கு உள்ளாயின. அடுத்தது மதராஸ் என்ற அச்சம் பரவியது. அரசே மக்களை வெளியேறுமாறு கூறியது. அலுவலகங்கள் பல உள்மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டன. வான்தாக்குதலில் கூண்டுகள் உடைந்தால் தப்பிவிடும் என்று அஞ்சி, விலங்குக் காட்சிச்சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் வண்டிகள் அனைத்தும் நிரம்பி வழிந்தன. செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் என்ற வரிசை அந்த ஏப்ரலில் ஊர் திரும்புவோரின் வழியாயிற்று. முன்னர் ஆட்டக்காரர்களையும் மாணவர்களையும் வேலை தேடுவோரையும் நகருக்குக் கொண்டுவந்த அதே பாதை இப்போது எதிர்த்திசையில் இயங்கியது.

எதிர்பார்த்த படையெடுப்பு வரவில்லை. 1943 அக்டோபரில் ஒரு சப்பானிய வானூர்தி நகரின் மீது சில குண்டுகளை வீசிச் சென்றதே நேரடித் தாக்குதல். போர் வேறு வகையில் இந்த வட்டாரத்தை மாற்றியது. விழுப்புரத்துக்குத் தெற்கே உளுந்தூர்பேட்டையில் பிரித்தானிய வான்படைக்கு ஓடுதளம் அமைந்தது. கிழக்கே புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது; 1940இல் பிரான்சு வீழ்ந்தபின் அங்கிருந்த ஆளுநர் தெ கோலின் சுதந்திர பிரான்சின் பக்கம் நின்றதால் பிரித்தானிய இந்தியாவுடன் மோதல் எழவில்லை.

ஒப்பிடத்தக்க ஒரு நிகழ்வு

அமெரிக்காவில் கல்லூரிகளுக்கிடையே ஆடப்படும் அமெரிக்கக் காற்பந்து, பெயரில் காற்பந்தாயினும் பெரும்பாலும் கையால் ஆடப்படுவது. நீள்வட்டப் பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது நோக்கம். அதன் மிகப் பழைய இறுதிநிலை ஆட்டமான ரோசு பவுல் கலிபோர்னியாவின் பாசடீனாவில் புத்தாண்டு நாளில் நடப்பது வழக்கம். 1941 பருவத்தில் ஓரிகன் மாநிலக் கல்லூரி அணி ஏழு ஆட்டங்களில் வென்று, இரண்டில் தோற்று, முதன்முறையாக அதற்குத் தகுதி பெற்றது. சுமார் ஒரு வாரத்தில் பேர்ல் துறைமுகத் தாக்குதல் நிகழ்ந்தது. மேற்குக் கரையில் பெருங்கூட்டம் கூடக்கூடாது என்று படைத்துறை கூறியதால், எதிரணியான தியூக் பல்கலைக்கழகம் தன் களத்தை அளித்தது. கண்டத்தின் மறுகோடியிலுள்ள வடகரோலினாவின் தர்கத்தில் 1942 சனவரி 1 அன்று மழையில் ஆட்டம் நடந்தது. சுமார் 56,000 பேர் பார்த்தனர். ஓரிகன் அணி 20–16 என வென்றது.

அந்த அணியில் ஒருவர் மட்டும் செல்லவில்லை. சப்பானில் பிறந்து ஓரிகனில் வளர்ந்த ஜாக் யோசிகாரா, பயணம் செய்யக்கூடாது என்று நடுவண் காவலரால் தடுக்கப்பட்டார். பின்னர் குடும்பத்துடன் ஐடகோவிலுள்ள மினிடோகா தடுப்புமுகாமுக்கு அனுப்பப்பட்டார். ஆடியவர்களில் பலர் படையில் சேர்ந்தனர். இத்தாலியப் போர்முனையில் காயமுற்றுக் கிடந்த தியூக் ஆட்டக்காரர் சார்லசு ஏய்ன்சைத் தூக்கிச் சென்று காப்பாற்றியவர், ரோசு பவுலில் அவருக்கு எதிராக ஆடிய ஓரிகனின் பிராங்கு பார்க்கர்.

மதராஸ் ஆட்டக்காரர்களுக்குப் போர் இத்தகைய வடிவில் வரவில்லை. அவர்கள் உயிரையோ உரிமையையோ களத்தின் பெயரால் இழக்கவில்லை. அவர்கள் இழந்தவை ஆண்டுகள். ஓரிகனில் ஓர் ஆட்டம் இடம் மாறியது ஒரே நாளில் அனைவருக்கும் தெரிந்தது. 1936 முதல் 1946 வரை ஆடப்படாத தேர்வு ஆட்டங்கள் எந்த எண்ணிக்கைப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

பின்னர்

போர் முடிந்ததும் லிண்ட்சே ஆசெட் தலைமையில் ஆத்திரேலியப் படைத்துறை அணி இந்தியா வந்தது. படையிலிருந்து இன்னும் விடுவிக்கப்படாத ஆட்டக்காரர்களின் அணி அது; கீத் மில்லரும் அதில் இருந்தார். பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஆட்டங்கள் முடிவின்றி நின்றன. மூன்றாவது ஆட்டம் 1945 திசம்பரில் சேப்பாக்கத்தில் நடந்தது. ஆசெட் 143 ஓட்டங்கள் எடுத்தார். இந்தியாவுக்கு ரூசி மோடி 203, லாலா அமர்நாத் 113. விசய் மெர்ச்சன்ட் தலைமையிலான இந்தியா ஆறு விக்கெட்டுகளால் வென்று தொடரையும் கைப்பற்றியது. அலுவல்முறைத் தேர்வு ஆட்டமாக இது கணக்கிடப்படவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் மதராஸ் அணி அதே களத்தில் அதே ஆறு விக்கெட் வேறுபாட்டில் தோற்றது என்பது தற்செயலான ஒற்றுமை.

ரங்காச்சாரி 1947–48இல் ஆத்திரேலியா சென்ற இந்திய அணியில் இடம்பெற்றார். அடிலெய்டில் தம் முதல் தேர்வு ஆட்டத்தை ஆடியபோது அவருக்கு வயது முப்பத்தொன்று. பிராட்மன் இடம்பெற்ற அணிக்கு எதிராக அதில் நான்கு விக்கெட்டுகள் எடுத்தார். 1948 நவம்பரில் தில்லியில் மேற்கிந்தியத் தீவுகள் அணியை 27 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட்டுகள் என்ற நிலைக்குக் கொண்டுவந்தது அவரது பந்துவீச்சே. அந்த அணி பின்னர் மீண்டு 631 ஓட்டங்கள் எடுத்தது. ரங்காச்சாரி 107 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகள் வீழ்த்தினார். நான்கு தேர்வு ஆட்டங்களுடன் அவரது பன்னாட்டு வாழ்வு முடிந்தது. 1993இல் காலமானார்.

கோபாலனுக்கு இரண்டாவது தேர்வு ஆட்டம் வரவில்லை. ஆனால் அவர் பெயரில் ஒரு கோப்பை ஏற்பட்டது. 1952–53 முதல் மதராஸ் அணியும் இலங்கை அணியும் கோபாலன் கோப்பைக்காக மதராசிலும் கொழும்பிலும் 1970களின் நடுப்பகுதி வரை ஆடின. தேர்வு ஆட்டத் தகுதி பெறும் முன் இலங்கை ஆட்டக்காரர்கள் தங்களை அளந்துபார்த்த களங்களுள் அதுவும் ஒன்று. கோபாலன் 2003 திசம்பரில் காலமானார்.

ராம்சிங்கின் மகன் கிருபால் சிங் ஆடிய மதராஸ் அணி, பாலு அழகணன் தலைமையில் 1954–55இல் இந்தூரில் ஓல்கார் அணியை 46 ஓட்டங்களால் வென்று முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையைப் பெற்றது. 1969இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என மாறிய பின் அணியின் பெயரும் மாறியது. விழுப்புரத்தின் கிளைப் பாதையில் உள்ள புதுச்சேரி 2018–19 பருவத்தில் தனி அணியாக ரஞ்சிக் கோப்பையில் சேர்ந்தது.